மனம் மாற வேண்டியவர்கள் நான்கு பேர்

தோகாஷி வாத்தியாருக்கு ஐம்பத்துமூன்று வயது. அதில் இருபத்தாறு வருஷத்தை மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தக் கருத்தைச் சொல்லக் கற்றுக்கொடுப்பதில் கழித்திருந்தார். அவருக்கென்று ஒரு கருத்து இருந்ததை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஹிசாயோ கேட்பாள், சாப்பிட என்ன செய்யட்டும் என்று.

"எதுனாலும் சரி" என்பார்.

"மீன் சுடட்டுமா, டோஃபு வேக வைக்கட்டுமா?"

"உனக்கு எது சுலபமோ அது."

மகள் பிறந்த நாளிலிருந்து ஹிசாயோவும் அவரை 'அப்பா' என்றே கூப்பிடுவாள். மகள் கல்யாணமாகி செந்தாய் நகரத்துக்குப் போன பிறகும் அந்தப் பெயர் வீட்டிலேயே தங்கிவிட்டது. "அப்பா, ஒரே ஒரு நாள் இது வேணும்னு வாயத் திறந்து சொல்லுங்க பாப்போம். சமைக்கறதவிட உங்ககிட்ட கேக்கறதுதான் எனக்குப் பெரிய வேல" என்பாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலும் இரண்டு பக்கமும் இருக்கும்.

பெண் பார்த்த காலத்தில் தரகு பேசிய அம்மாள் இரண்டு புகைப்படங்களைக் கொண்டுவந்து பாயில் வைத்தாள். இவர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருமே நல்லவங்களாத் தெரியறாங்க" என்றார். அவருடைய அம்மா சலித்துப்போய் இடது பக்கப் படத்தின் மேல் விரலை வைத்தாள். தான் அந்த இடது பக்கப் படம் என்பது ஹிசாயோவுக்குத் தெரியும். கல்யாணத்தன்று மாமியாரே சொல்லிவிட்டாள்.

பள்ளியில் ஆசிரியர் கூட்டம் நடக்கும்போது கை தூக்குவதில் தோகாஷிக்கு ஒரு நேக்கு உண்டு. தலைமையாசிரியர் மினாகாவா ஒரு விஷயத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்பவர்கள் கை தூக்கலாம் என்றதும், இவருடைய முழங்கை மேஜையிலிருந்து நான்கு விரற்கடை மேலே எழும். கண் அறையைச் சுற்றி வரும். பாதிக் கைகளுக்கு மேல் ஏறியிருந்தால் இவர் கையும் முழுசாக ஏறிவிடும். ஏறவில்லை என்றால் அதே கை அப்படியே போய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிடும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தோற்ற பக்கத்தில் இருந்ததில்லை. ஜெயித்த பக்கத்தில் இருந்தார் என்று சத்தியம் பண்ணுவதற்கும் ஆள் கிடைக்காது.

இப்படிப்பட்டவர்தான் அந்தக் கடலோர ஊர்ப் பள்ளியில் கருத்துக் கட்டுரைக்குப் பெயர் போன 'சென்செய்', அதாவது வாத்தியார்.

பேர் வாங்கிக்கொடுத்தது ஒரு தாள். அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில், 'நான் இப்படி நினைக்கிறேன்.' இரண்டாவதில், 'ஏனென்றால்.' மூன்றாவதில், 'உண்மைதான், வேறு மாதிரிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.' நான்காவதில், 'ஆனாலும் நான்.' பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் எண்ணூறு எழுத்தில் ஒரு கட்டுரை எழுதியாக வேண்டும். வயதானவர்கள் பெருகுவதா, பனிப்பாறை உருகுவதா, மலையிலிருந்து கரடி ஊருக்குள் இறங்குவதா, தலைப்பு எதுவானாலும் தோகாஷியின் பிள்ளைகள் நான்கு கட்டத்தில் ஊற்றி நிரப்பிவிடுவார்கள். கட்டுரைகள் ஒன்றுபோல ஒன்று, வார்த்து எடுத்த டோஃபுவைப்போல, வெள்ளையாக, சதுரமாக, ருசியில்லாமல் வரும். திருத்துகிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. படிக்காமலே மார்க் போடலாம் அல்லவா?

அந்த வருஷம் கோடை முடிந்ததும் மினாகாவா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தோகாஷி சென்செய், கல்வி அலுவலகத்துல வழிகாட்டி அதிகாரி இடம் ஒண்ணு காலியாகுது. நவம்பர்ல நம்ம பள்ளிக்கூடத்துல திறந்த வகுப்பு. பாக்க அந்த அலுவலகத்துலேர்ந்து குரோஹா சான் வர்றாங்க. அவங்க சும்மா பாடத்த மட்டும் பாக்க வரல. புரியுதா?"

"அப்படிங்களா" என்றார் தோகாஷி.

"வகுப்பு நல்லா நடந்தா ஏப்ரல்லேர்ந்து நீங்க அங்க. சொதப்பிருச்சுன்னா ஓய்வு பெறுற வரைக்கும் இதே சாக்பீஸ்தான். உங்களுக்கு விருப்பம்தானே?"

"நீங்க எப்படி நினைக்கறீங்களோ அப்படி" என்றார் தோகாஷி. ஆனால் கதவைத் திறக்கப் போன கை பிடியைத் தேடி இரண்டு தடவை தடவியது. வழிகாட்டி அதிகாரி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. பள்ளி பள்ளியாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுக்கிற வகுப்பைப் பார்த்து, கடைசியில் இரண்டு நல்ல வார்த்தை சொன்னால் போதும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்ட பொருள் அது ஒன்றுதான். அதையும் வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை.

திறந்த வகுப்பு என்றால் மாவட்டத்துப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து சுவரோரமாக நின்று பார்ப்பார்கள். அவர்கள் கையில் ஒரு பாடத்திட்டம் கொடுக்க வேண்டும். எத்தனையாவது நிமிடத்தில் ஆசிரியர் என்ன சொல்வார் என்று இடப்பக்கம் இருக்கும். மாணவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று வலப்பக்கம் இருக்கும். பதிலை முன்கூட்டியே அச்சடிப்பதில் யாருக்கும் கூச்சமில்லை. அது காலங்காலமாக அப்படித்தான்.

தோகாஷி எடுத்துக்கொண்ட பாடம், 'என் கருத்தை என் சொற்களில் சொல்வோம்.'

பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசுவது என்பதற்கு மூன்று வாரம் யோசித்தார். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இந்தப் பள்ளியை இணைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. அது வேண்டாம், சுடும். தலைமுடி கறுப்பாக இருந்தாக வேண்டும் என்ற விதி? அதைப் பேசினால் மினாகாவாவுக்குப் பிடிக்காது. கரடி? வகுப்பில் இரண்டு பேர் வேட்டைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கடைசியில் யாருக்கும் வலிக்காத ஒன்றைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளே கூட்டித் துடைப்பது வேண்டுமா, வேண்டாமா? தினமும் மூன்று மணிக்கு எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளையும் துணியைப் பிழிந்து தரையைத் துடைக்கிறது. இதில் யாருக்கு என்ன வலிக்கப் போகிறது?

வகுப்பில் முப்பத்தாறு பேர். 'வேண்டும்' பதினேழு. 'வேண்டாம்' பதினைந்து. மனம் மாற வேண்டியவர்கள் நான்கு பேர். பெயர்ப்பட்டியல் போட்டு, பேச வேண்டியவர்களுக்கு வசனம் எழுதி, கையில் கொடுத்துவிட்டார்.

ஒரு பையன் எழுந்து கேட்டான். "சென்செய், எனக்கு 'வேண்டாம்' குடுத்திருக்கீங்க. நான் 'வேண்டும்'ல இருந்துக்கறேனே?"

"அங்க இடம் நெறஞ்சிருச்சு" என்றார் தோகாஷி.

பையன் உட்கார்ந்துவிட்டான். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மூன்று மணிக்குத் துணி பிழியப் போவது நிச்சயம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒத்திகை ஐந்து தடவை நடந்தது. கேள்வி கேட்டதும் எல்லோரும் கை தூக்க வேண்டும். அன்றைக்கு வசனம் உள்ளவர்கள் விரலை விரித்துத் தூக்குவார்கள். இல்லாதவர்கள் விரலை மடக்கித் தூக்குவார்கள். பின்னால் நிற்பவர்களுக்கு வகுப்பு முழுக்கக் கருத்துக் கொந்தளிப்பதுபோலத் தெரியும். வாத்தியார் விரித்த கையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்வார். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு. ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய வட்டக் காந்தம் ஒன்று, அவரவர் பக்கத்தில் ஒட்டியிருக்கும். மனம் மாறுகிறவர்களின் காந்தத்தை வாத்தியார் கோட்டைத் தாண்டி நகர்த்துவார். அதுதான் பாடத்தின் உச்சம்.

மனம் மாறும் நான்கு பேரில் ஒருத்தி இகராஷி கொனாத்சு. அவளை ஏன் எடுத்தார் என்றால், அவள் குரல் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. கிழித்த கோட்டைத் தாண்டாத பெண் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். மனம் மாறுகிறவர்கள் கொஞ்சம் அடங்கின ஆட்களாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோகாஷி நினைத்தார். அவளுடைய வீட்டு விவரச் சீட்டு அவர் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

கொனாத்சுவின் வசனம் இது: "சாக்குமா சொன்னதைக் கேட்டதும் என் மனம் மாறிவிட்டது. தரையைத் துடைக்கும்போது நம் மனமும் துடைக்கப்பட்டுப் பளபளக்கிறது என்பது இப்போது புரிகிறது."

பாடத்திட்டத்தின் வலப்பக்கத்தில் முப்பத்தோராவது நிமிடத்துக்கு நேரே இப்படி அச்சாகியிருந்தது. 'இகராஷி: கொஞ்சம் தயங்கிவிட்டு, மனம் மாறுவாள்.'

ஐந்து ஒத்திகையிலும் அவள் அதைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி இறங்கியது. ஐந்தாவது தடவை முடிந்து மற்றவர்கள் வெளியே போன பிறகு அவள் மேஜை அருகில் வந்து நின்றாள்.

"சென்செய், நான் மாறலன்னா என்ன ஆகும்?"

தோகாஷி காந்தங்களை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். "மாறாம எப்படி? அச்சாயிருச்சே" என்றார்.

அவள் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் போனாள். அவர் டப்பாவை மூடினார்.

திறந்த வகுப்பன்று காலையிலிருந்தே மழையும் பனியும் கலந்து அடித்தது. நாற்பது ஆசிரியர்கள் வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துப் பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு சரக் சரக்கென்று வந்து சுவரோரம் நின்றார்கள். குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு இரண்டு எரிந்தது. குரோஹா என்கிற அதிகாரி அம்மாள் ஜன்னல் பக்கம் நின்றாள். தடிமனான கண்ணாடி, கையில் பாடத்திட்டம், காதில் சொருகின பென்சில். தோகாஷி இடது கையில் நேரம் பார்க்கும் கடிகாரத்தை ஒளித்துப் பிடித்திருந்தார்.

வகுப்பு சக்கரம்போல ஓடியது. கைகள் எழுந்தன, விரித்ததும் மடக்கினதுமாக. 'நான் இப்படி நினைக்கிறேன்' என்று பன்னிரண்டு பேர் ஆரம்பித்தார்கள். 'உண்மைதான்' என்று பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். பின்னால் நின்றவர்கள் அச்சடித்த பதிலுக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே வந்தார்கள். கல்யாணச் சாமான் வந்துசேர்ந்ததா என்று சரிபார்ப்பவர்கள்போல இருந்தது அவர்கள் முகம்.

இருபத்தொன்பதாவது நிமிடத்தில் வகுப்புத் தலைவன் சாக்குமா எழுந்தான். நல்ல குரல், நல்ல வீட்டுப் பையன். "கூலிக்கு ஆள் வைத்துத் துடைத்தால் தரை மட்டுமே சுத்தமாகும். நாமே துடைத்தால் நம் மனமும் பளபளக்கும். எனவே வேண்டும் என்று நினைக்கிறேன்."

"இதக் கேட்டு யாருக்காவது எண்ணம் மாறியிருக்கா?" என்றார் தோகாஷி. கைகள் எழுந்தன. "இகராஷி சான்" என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டார்.

கொனாத்சு எழுந்தாள். கொஞ்சம் தயங்கினாள். பாடத்திட்டத்திலும் அப்படித்தான் இருந்ததால் நாற்பது பேரும் தலையை ஆட்டினார்கள்.

"எங்கம்மா பெரிய ஆஸ்பத்திரியில தரை தொடைக்கறாங்க" என்றாள்.

டிக் போட இறங்கிய பென்சில்கள் நின்றன. அவள் குரல் சின்னதுதான். ஆனால் அறையில் அடுப்பைத் தவிர வேறு சத்தமில்லை.

"பதினோரு வருஷமாத் தொடைக்கறாங்க. தொடைக்கத் தொடைக்க மனசு பளபளக்கும்னா, எங்கம்மா மனசப் பாத்து நீங்க எல்லாரும் தல சீவிக்கலாம்." எங்கோ ஒருவன் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். "சாக்குமா, ஒங்க தாத்தா அங்க இருந்தப்போ நீ தினம் வந்த. எங்கம்மா ஈரமா வச்சிருந்த எடத்துலதான் நடந்து போன. ஒரு நாள்கூட ஒதுங்கிப் போகல. நாம இங்க தொடைச்சா அதுக்குப் பேரு மனசு, எங்கம்மா அங்க தொடைச்சா கூலி. அது எப்படி? எனக்குப் புரியல. புரியாம எப்படி மாற? நான் மாறல."

உட்கார்ந்துவிட்டாள். காதிரண்டும் சிவந்திருந்தன.

நாற்பது தலைகள் பாடத்திட்டத்துக்குள் குனிந்து, தேடி, மறுபடி நிமிர்ந்தன. தோகாஷியும் தன் பிரதியைப் பார்த்தார். முப்பத்தோராவது நிமிடம். 'இகராஷி மனம் மாறுவாள். ஆசிரியர் காந்தத்தை நகர்த்துவார்.' இருபத்தாறு வருஷமாக ஒரு பிள்ளையாவது சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய மனிதர். ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. அதை என்ன செய்வது என்று அந்தத் தாளில் இல்லை.

"நன்றி" என்றார். "இகராஷி சான் நல்லா யோசிச்சு, தன் எண்ணத்த இன்னும் ஆழமாக்கிக்கிட்டாங்க."

ஐந்து தடவை பழகிய கை. அது தானாகப் போய் 'இகராஷி' என்று எழுதிய காந்தத்தை எடுத்தது. கோட்டைத் தாண்டி 'வேண்டும்' பக்கத்தில் ஒட்டியது. டக்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கொனாத்சு எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். கரும்பலகை வரை ஏழு அடி. வாத்தியாரின் தோளுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, தன் பெயரை எடுத்து, பழைய இடத்தில் ஒட்டினாள். டக். திரும்பி நடந்து போய் உட்கார்ந்தாள்.

தோகாஷி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, அடுத்து" என்றார்.

மீதி மூன்று பேரும் ஒழுங்காக மனம் மாறினார்கள். வகுப்பு மணி அடிக்கிற வினாடியில் முடிந்தது.

பிறகு நூலகத்தில் மேஜைகளை வளைத்துப் போட்டு விமர்சனக் கூட்டம். ஆளுக்கு ஒரு தேநீர் பாட்டில். ஒவ்வொருவராக எழுந்து, நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். ஒருவர் கரும்பலகையில் எழுத்து அழகு என்றார். ஒருவர் பிள்ளைகள் கை தூக்குவதில் இருந்த வேகம் பற்றிச் சொன்னார். இன்னொருவருக்கு எதுவும் கிடைக்காமல், அறை நல்ல வெதுவெதுப்பாக இருந்தது என்றார். காந்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஏப்பம் விட்டால் கேட்காததுபோல இருப்போமே, அந்த மரியாதை.

குரோஹா தன் பாட்டிலைத் திறக்கவே இல்லை. கடைசியில் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.

"அந்தக் காந்தம். அந்தப் பொண்ணு மாறலன்னு சொன்ன பிறகும் நகர்த்தினீங்களே, சென்செய். திட்டத்துல அப்படி இல்லியே. அது என்ன?"

மினாகாவா கண்ணை மூடிக்கொண்டார். தோகாஷியின் கை எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தொட்டது. தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அப்புறம் ஓய்வு வரைக்கும் அதே கரும்பலகை, அதே டப்பா. அவர் கை கண்ணாடியிலிருந்து இறங்குவதற்குள் நான்கு கட்டமும் அவர் மனதில் தாமாக வந்து நின்றன.

"நான் இப்படி நினைக்கறேன்" என்றார். "கருத்துங்கறது வாயால சொல்றதோட முடியறதில்ல. ஏன்னா, அத யாராவது தப்பா எடுத்துக்கிட்டாத்தான் காப்பாத்திக்கணும்னு தோணும். உண்மைதான், வாத்தியார் தவறிப்போய் நகர்த்திட்டார்னு பாக்கறவங்களும் இருப்பாங்க. ஆனாலும் நான், அத வேணும்னேதான் செஞ்சேன். அந்தப் பொண்ணு எழுந்து வருவாளான்னு பாக்கத்தான். அதனாலதான் அச்சுல போடல."

"ஹோஓ" என்று நாற்பது தொண்டையிலிருந்தும் ஒரே சத்தம் வந்தது. நாற்பது பென்சிலும் எழுத ஆரம்பித்தன.

"எத்தன நாளா யோசிச்சு வச்சிருந்தீங்க?" என்றாள் குரோஹா.

"இருபத்தாறு வருஷமா" என்றார் தோகாஷி.

குரோஹா நம்பினாளா என்று கேட்டால், அவளுக்கும் ஒரு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நடந்தது ஒரு தவறு என்று எழுதினால் யார் தவறு, ஏன், எப்படி என்று நான்கு பக்கம் போகும். ஒரு முறை என்று எழுதினால் அதற்கு ஒரு பெயர் வைத்தால் போதும். 'எதிர்நகர்த்தல் முறை' என்று பெயர் வைத்தாள்.

அந்த முறை பற்றி ஆசிரியர் இதழுக்குக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மாணவியைப் பற்றி வருவதால் அவள் சம்மதம் வேண்டும். தோகாஷி கொனாத்சுவை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று மணி தாண்டியிருந்தது. அவள் தண்ணீர் வாளியும் துணியுமாக வந்து கதவோரம் நின்றாள்.

"கட்டுரையப் படிச்சியா? பேரு போடல. 'மாணவி இ'ன்னுதான் போட்டிருக்கேன். ஆட்சேபம் ஒண்ணும் இல்லயே?"

"இருக்கு, சென்செய்."

அறையில் பதினாறு ஆசிரியர்கள் இருந்தார்கள். பதினாறு பேரும் சட்டென்று தங்கள் தாள்களுக்குள் குனிந்துகொண்டார்கள்.

"என்ன ஆட்சேபம்?"

"நீங்க வேணும்னே நகர்த்தல. ஒங்க கை நடுங்குச்சு. நான் பக்கத்துல வந்து பாத்தேன்."

தோகாஷி கண்ணாடியைச் சரிசெய்தார். "உண்மைதான், அப்படிப் பாக்கறவங்களும் இருக்காங்க..."

"சென்செய், மூணாவது கட்டத்துக்கு ஓடாதீங்க. ரெண்டாவதுலயே நில்லுங்க. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அடுத்த மேஜைக்காரர் இல்லாத இருமலை இருமினார். கொனாத்சு காத்திருந்தாள். வாளியைக் கீழே வைக்காமலே காத்திருந்தாள். அந்தப் பெண் முகத்தில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே பதில் வேண்டும் என்று நின்றது அது. இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் ஒருவரும் அப்படி நின்றதில்லை.

"தண்ணி ஆறிடும்" என்றார் அவர். "போய்த் தொடை."

குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீர் அது. ஆறுவதற்கு அதில் ஒன்றுமில்லை. கொனாத்சு வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வணங்கிவிட்டுப் போனாள். அவர் பேனாவை எடுத்து 'மாணவி இ' என்பதை 'மாணவி க' என்று மாற்றினார். சம்மதம் பெறப்பட்டது என்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டார். பதினாறு பேரும் நிமிர்ந்தார்கள்.

மார்ச்சில் கொனாத்சு பள்ளி முடித்தாள். சான்றிதழ் வாங்கிவிட்டு எல்லா ஆசிரியர்களுக்கும் வணங்கினாள். தோகாஷிக்கும் மற்றவர்களுக்கு வணங்கிய அதே அளவுதான் குனிந்தாள், ஒரு விரல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்ததாகச் சொன்னார்கள்.

ஏப்ரலில் தோகாஷிக்கு அந்தப் பதவி வந்தது. ஹிசாயோ சிவப்புப் பயறு போட்டுச் சோறு சமைத்தாள், நல்ல காரியத்துக்குச் செய்கிற சாஸ்திரத்துக்கு.

"சந்தோஷமா, அப்பா?"

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்றார்.

"நான் எல்லாரயும் கேக்கல."

அவர் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அதுவும் கையால்தான்.

ஜூன் மாதம் மலைப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் திறந்த வகுப்பு. இந்தத் தடவை தோகாஷி ஜன்னல் பக்கம் நின்றார், காலில் அந்தப் பள்ளியின் பழுப்புச் செருப்பு. பாடம் எடுத்தவர் இளைஞர். பேருந்து நிறுத்தத்தை இடம் மாற்றுவது வேண்டுமா, வேண்டாமா? கோடு, காந்தங்கள், எல்லாம் இருந்தன. முப்பத்தோராவது நிமிடத்தில் அந்த இளைஞர் ஒரு பெண்ணின் பெயரைத் தவறான பக்கம் நகர்த்தினார். கை நடுங்கவில்லை. பாடத்திட்டத்தின் வலப்பக்கத்தில் அச்சாகியிருந்தது: 'மாணவி தானாக எழுந்து வந்து காந்தத்தைத் திருப்பி வைப்பாள்.' ஒல்லியான ஒரு பெண் தானாக எழுந்து வந்தாள். குரல் எழும்பாத பெண்ணாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார்கள். கரும்பலகை முன்னால் வந்ததும் வாத்தியார் முகத்தைப் பார்த்தாள். அவர் தாடையை லேசாக அசைத்தார். டக்.

"ஹோஓ" என்றார்கள் சுவரோரம் நின்றவர்கள்.

விமர்சனக் கூட்டத்தில் ஒரு புது ஆசிரியை, வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கை தூக்கினாள். "தோகாஷி சென்செய், ஒங்க கட்டுரைய நாலு தடவை படிச்சேன். ஒண்ணு மட்டும் தெரியல. அந்த முதல் மாணவி என்ன சொன்னாங்க?"

"பள்ளிக்கூடத்தச் சுத்தம் பண்றதப் பத்தி" என்றார் தோகாஷி.

"அது தலைப்புங்க. அவங்க கருத்து என்ன?"

அவர் கை கண்ணாடிக்குப் போனது.

"பல கருத்துகள் வந்துச்சு" என்றார். "ஆனா முக்கியம் அது இல்ல. எழுந்து வந்தாங்க பாருங்க, அதுதான் முக்கியம்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் புது ஆசிரியையும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து அவர் வெளியே வந்தபோது மணி மூன்று. நீண்ட தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக முட்டி போட்டு, துணியைத் தள்ளித் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரத் தரை வாசல்வரை மின்னியது. சுவரோரம் காய்ந்த இடம் ஒரு முழ அகலத்துக்கு இருந்தது. தோகாஷி நடுவில் நடந்தார். பழுப்புச் செருப்பின் தடம் ஒன்றன்பின் ஒன்றாக வாசல்வரை விழுந்தது. பிள்ளைகள் துணியை நிறுத்திக்கொண்டு அதைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு அவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.